இடப்பக்கப் படத்தைப் பார்க்கவும்

கடிதம் கைக்கு வந்தால் தம்பித்துரை முதலில் உறையைத்தான் படிப்பார். யாழ்ப்பாணத்தில் ஒரு உப தபால் கந்தோரைப் பதினெட்டு வருடம் கட்டிக் காத்த மனுசன். முத்திரை நேராக ஒட்டியிருக்கிறதா, எந்தத் தேதியில் குத்தியிருக்கிறார்கள், அனுப்பியவர் பெயர் பின்னால் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்ற கவலை அவருக்கு வரும். எண்பத்தெட்டாம் ஆண்டு தை மாதத்தில் அந்தக் கடிதம் வந்தபோதும் அப்படித்தான். வுப்பர்டால் நகரத்து அகதி விடுதியின் பொதுச் சமையலறையில் நின்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளின் பள்ளிக்கூடத்து முத்திரை குத்தியிருந்தது.

"பிள்ளை, உன்ர பள்ளிக்கூடம் எனக்கேன் காயிதம் போடுது?"

கலாதேவி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பதினேழு வயதுப் பெண். ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் தகப்பனுக்கு மொழிபெயர்ப்பது அவள்தான். ஆனால் ஒரு கடிதத்தை அவள் இரண்டு தரம் படித்ததை அவர் அன்றுதான் பார்த்தார்.

"வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வந்து சந்திக்க ஒரு ரேர்மின் குடுத்திருக்கினம். உங்களைக் கட்டாயம் வரட்டாம்."

"என்னத்துக்கு?"

"சரித்திரச் சோதினையில நான் கொப்பி அடிச்சனாம். ஆறு போட்டிருக்கினம்."

தம்பித்துரைக்குக் காது அடைத்தது. இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒன்று என்றால் கெட்டிக்காரி, ஆறு என்றால் எழும்பி வெளியே போ என்று அர்த்தம். வந்த புதிதில் மகள் ஒரு பாடத்தில் ஐந்து எடுத்தபோது, ஒன்றைவிட ஐந்து பெரிதுதானே என்று அவர் தட்டிக்கொடுத்த கதையைப் பக்கத்து அறை வின்சன்ற் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். இப்போது அவருக்கு எண்களின் அர்த்தம் நன்றாகத் தெரியும். இரண்டு கிழமையில் அரையாண்டு அறிக்கை வரும். வரலாற்றில் ஐந்தோ ஆறோ விழுந்தால் கலாதேவியை மேல்வகுப்புக்கு விடமாட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு தொழில் பழகலாம் என்றால், அசூல் அடித்துவிட்டு, அதாவது அகதித் தஞ்சம் கேட்டுவிட்டு, முடிவுக்குக் காத்திருக்கிற குடும்பத்துக்கு அந்த அனுமதியும் இல்லை. தகப்பனோடு சேர்ந்து விடுதிச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

"நீ கொப்பி அடிச்சனியோ?"

"இல்லை அப்பா. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். அவரைவிட யாருக்குத் தெரியும்! அந்த அரையாண்டு முழுக்க அமெரிக்க வரலாறுதான் பாடம். தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதில் தொடங்கி, இங்கிலாந்து ராசாவின் படையைத் துரத்தியது வரைக்கும் புத்தகத்தில் பதினாலு பக்கம். அந்தப் பதினாலு பக்கத்தையும் மகள் ஒப்புவிக்க, புத்தகத்தைக் கையில் வைத்து எழுத்தெழுத்தாக விரலை ஓட்டிச் சரிபார்த்தவர் அவர்தான். ஜெர்மன் எழுத்தை வாசிக்க அவருக்கு ஓரளவு வரும், பொருள் வராது. அதனால் என்ன? சத்தமும் எழுத்தும் ஒத்துவராத இடத்தில் "நில்!" என்பார். அவளும் வாயை மூடிக்கொண்டு பந்தியின் தொடக்கத்துக்கே போவாள். ஊரில் அவரும் அப்படித்தான் படித்தார், அவருடைய தகப்பனும் அப்படித்தான் படித்தார்.

பாடமாக்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தபால் கந்தோருக்கு ஆமிக்காரர் வந்து சாக்கைக் கவிழ்த்து, ஊராரின் கடிதங்களைக் கிழித்துப் படித்ததை அவர் கண்ணால் பார்த்தவர். ஒருத்தனுக்கு எழுதியதை இன்னொருத்தன் படிப்பான் என்பது அவருக்கு அன்றைக்கே உறைத்துவிட்டது. போதாக்குறைக்கு வின்சன்ற் வேறு. "அண்ணை, இந்த நாட்டில ஒரு பேப்பரும் தனிய இருக்காது. பள்ளிக்கூடத்தில எழுதுறதும் கடைசியில உங்கட அசூல் பைலுக்குத்தான் போகும்" என்று சத்தியம் பண்ணினான். வின்சன்ற் சொன்ன எதுவும் இதுவரை சரிவந்ததில்லை. ஆனாலும் பயந்தவனுக்கு அவன் சொல்வது எப்போதும் சரியாகத்தான் படும்.

ஆகவே தம்பித்துரை மகளுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். "உன்ர சொந்தச் சொல் ஒண்டும் கடதாசியில வரக்கூடாது. அதுவும் சண்டை, கிளர்ச்சி எண்டு கேட்டால் வாயே திறக்காத. புத்தகத்தில கிடக்கிறது அரசாங்கத்தின்ர சொல். அதை அப்படியே எழுதினால் உன்னை ஒருத்தரும் பிடிக்கேலாது."

இப்போது அதை அப்படியே எழுதியதற்குத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்ததை அவர் மகளிடம்கூட வாய்விட்டுப் பேசுவதில்லை. விடுதிச் சுவர்கள் வெறும் பலகை. அவருக்கு ஒரு மகனும் உண்டு. ஸ்ரீதரன். எண்பத்தைந்து ஐப்பசியில், பதினாறு வயதில், இயக்கத்துக்குப் போய்விட்டான். அடுத்த வருடம் தம்பித்துரை மகளைக் கூட்டிக்கொண்டு கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். மனைவி புஷ்பமலர் வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். பெடியன் வந்தால் கதவு திறக்க ஆள் வேண்டும் என்றாள். அசூல் விசாரணையில் அதிகாரி பிள்ளைகள் எத்தனை என்று கேட்டான். மகன் இயக்கத்தில் என்று தெரிந்தால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், "ஒண்டு. பொம்பிளைப் பிள்ளை" என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயர் அந்த அறையில் ஒலித்ததில்லை. போன செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் ஒரு காரணமும் சொல்லாமல் பால்புக்கை பொங்கினார். வின்சன்ற் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என்ன விசேஷம் என்று கேட்டான். சும்மா ஆசை என்றார். கலாதேவி சோதனை யோசனையில் கேட்காமலே சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை நகரசபைப் பூங்காவில் அகதிகளுக்கென்று தருகிற வழி கூட்டும் சில்லறை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தொங்கு ரயிலில் எதிரெதிரே இருந்தார்கள். கீழே ஆறு கறுப்பாக ஓடியது. மகள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவருக்கோ வாய்க்குள் ஒரு வசனம் தயாராக இருந்தது: என் பிள்ளை களவெடுக்கிற வளர்ப்பு இல்லை. அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று கேட்டால், அதையும் அவள்தான் சொல்லவேண்டும். தன்னைக் கள்ளி என்று சொன்னதையும் அவளே மொழிபெயர்க்கவேண்டும், இல்லை என்பதையும் அவளே மொழிபெயர்க்கவேண்டும். உலகத்தில் எந்த நீதிமன்றத்திலும் இந்தக் கூத்து நடக்காது.

வரலாற்று ஆசிரியர் ஹெர் பக்ஹவுஸ் நெட்டையான, கண்ணாடி போட்ட மனிதர். கை கொடுத்தார், கதிரை காட்டினார். மேசையில் கலாதேவியின் விடைத்தாளையும் பாடப்புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு வரியாகச் சிவப்புப் பேனையால் தொட்டுக் காட்டினார். வரிக்கு வரி அப்படியே இருந்தது. காற்புள்ளிகூடத் தப்பவில்லை.

"வகுப்பில நான் ஒரு நாளும் கை உயத்தினதில்லையாம்" என்று கலாதேவி நிலத்தைப் பார்த்தபடி மொழிபெயர்த்தாள். "கேட்டாலும் ரெண்டு சொல்லுக்கு மேல கதைக்கிறதில்லையாம். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு பிழையும் இல்லாமல் ஒன்பது பக்கம் எழுதினால் தான் என்ன நினைக்கிறது எண்டு கேக்கிறார்."

பிறகு ஹெர் பக்ஹவுஸ் ஒரு வரியின்கீழ் பேனையை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். கலாதேவியின் காது மடல் சிவந்தது.

"இது என்ன? ஏன் நிக்கிறாய், சொல்லு."

"புத்தகத்தில ஒரு இடத்தில, 'இடப்பக்கப் படத்தைப் பார்க்கவும்' எண்டு கிடக்கு அப்பா. நான் அதையும் எழுதிப்போட்டன். சோதினை எழுதேக்க என்ர இடப்பக்கத்தில யன்னல்தான் இருந்ததாம்."

தம்பித்துரைக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அந்த வரியை அவள் ஒரு தரம் விட்டபோது "நில்!" என்று சொன்னதே அவர்தான். ஆனால் அந்த வெட்கத்துக்குள்ளிருந்தே அவருக்குத் தைரியமும் வந்தது. புத்தகத்தை எடுத்து ஆசிரியரின் கையில் வைத்தார்.

"எந்தப் பக்கத்தை எண்டாலும் கேக்கச் சொல்லு."

கலாதேவி சொன்னாள். ஆசிரியர் நம்பாத முகத்தோடு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார். அவள் எழும்பி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தொடங்கினாள். தலைப்பு, முதல் பந்தி, இரண்டாம் பந்தி. ஆசிரியரின் விரல் வரிகளில் ஓடியது. பக்கத்தின் கடைசிச் சொல் பாதியில் முறிந்து அடுத்த பக்கத்துக்குப் போகும் இடத்தில் அவளும் ஒரு கணம் முறிந்து நின்று, பிறகு மீதியைச் சொன்னாள். ஹெர் பக்ஹவுஸ் தலையைத் தூக்கிப் பார்த்தார். படபடவென்று தாள்களைத் தள்ளி நூற்றுப் பதினெட்டைத் திறந்தார். அதையும் சொன்னாள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் விடவில்லை.

ஆசிரியர் புத்தகத்தை மூடினார். முகம் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. எழும்பி நின்று கலாதேவிக்குக் கை நீட்டி ஏதோ சொன்னார்.

"தன்னை மன்னிக்கட்டாம்" என்றாள் அவள், நம்ப முடியாத குரலில்.

தம்பித்துரையும் தன்னை அறியாமல் எழும்பிவிட்டார். ஒரு வாத்தியார் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை அவர் தன் சீவியத்தில் கண்டதில்லை. என்ன நாடடா இது என்று இருந்தது. ஆசிரியர் விடைத்தாளில் 'களவு' என்று எழுதியிருந்த வரியைக் குறுக்காக வெட்டிப் பக்கத்தில் ஒப்பம் வைத்ததைப் பார்த்ததும் சந்தோசத்தில் மகள் பக்கம் குனிந்தார்.

"அப்ப ஒண்டு போடுவாரோ எண்டு கேள்."

கேட்டாள். ஆசிரியர் மேசை லாச்சியிலிருந்து கோடு போட்ட ஒரு தாளை எடுத்து வைத்து, அதன் பெயரைச் சொன்னார். அந்த ஒரு சொல்லே தொங்கு ரயில் நீளம் இருந்தது.

"எதிர்பார்ப்புத் தாள் அப்பா. எங்களிட்டை என்னத்தை எதிர்பார்க்கினம் எண்டு சோதினைக்கு முதலே எழுதி வைச்சிடுவினம். முதல் கேள்வி, என்ன நடந்தது. அதுக்கு எனக்கு முழுப் புள்ளி. ரெண்டாவது, ஏன் நடந்தது எண்டு விளங்கப்படுத்திறது. அதுக்குப் பாதி. மூண்டாவதுக்கு ஒண்டுமில்லை."

"மூண்டாவது என்ன?"

கலாதேவி தயங்கினாள். "அந்தச் சனம் ஆயுதம் தூக்கினது சரியோ பிழையோ, நீ என்ன நினைக்கிறாய், ஏன் எண்டு. அதைத்தான் கனக்க எதிர்பார்க்கினமாம். நான் வெறுமையா விட்டிட்டன். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஐந்துதான் வருகுதாம்."

ஐந்து! தம்பித்துரைக்கு மறுபடியும் காது அடைத்தது. பதினாலு பக்கத்தையும் தலைகீழாகச் சொல்லும் பிள்ளைக்கு ஐந்தா? ஆறும் ஐந்தும் ஒன்றுதான், இரண்டும் வீட்டுக்குத்தான் அனுப்பும்.

"பதினேழு வயசுப் பெட்டை என்ன நினைக்கிறாள் எண்டு இந்த மனுசனுக்கு என்னத்துக்கு? தெரிஞ்சு என்ன செய்யப் போறார்?"

அவள் அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, ஆசிரியர் கோபப்படவில்லை. புத்தகம் என்ன நினைக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும், உங்கள் மகளைத்தான் தெரியாது என்றார். நான் அவளுக்குச் செய்த பிழைக்காக இப்போதே ஒரு வாய்ப்புத் தரலாம். மூன்றாவது கேள்விக்கு வாயால் பதில் சொல்லட்டும், நான் எழுதிக்கொள்வேன். கூட இருந்ததாகத் தகப்பன் கீழே கையெழுத்து வைக்கவேண்டும், ஆசிரியர் கூட்டத்தில் காட்டவேண்டிய தாள் அது. சரியாகச் சொன்னால் மூன்றுக்கு வரும், மேல்வகுப்புக்கு அது போதும்.

எழுதிக்கொள்வேன், கையெழுத்து என்ற இரண்டு சொல்லையும் கேட்டதும் தம்பித்துரைக்கு அசூல் பைல்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் அவருக்கு வழி தெரியும்.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு எண்டு சொல்லிப்போட்டு இரு பிள்ளை. அதுக்கு மேல போகாத."

கலாதேவி அவரைப் பார்த்தாள். "ஓம்" என்று சொல்லவில்லை. ஆசிரியரின் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினாள்.

இந்தத் தரம் கைகளைப் பின்னால் கட்டவில்லை. சொற்கள் தட்டுத்தடுமாறி வந்தன. பிழையும் வந்திருக்கவேண்டும், ஏனென்றால் நின்று நின்று திருத்தினாள். புத்தகத்துக் குரல் இல்லை அது. தம்பித்துரைக்கு அது புரிந்தது, மற்றது புரியவில்லை. அவருக்குத் தெரிந்த ஜெர்மன் ஐம்பது சொல்லுக்குள் அடங்கும்: பாண், பஸ், தகப்பன், தாய். தாய் என்ற சொல் வந்தது. தகப்பன் என்ற சொல் வந்தது. பிறகு சகோதரன் என்ற சொல் வந்தது. அதுவும் அவருக்குத் தெரிந்த ஐம்பதுக்குள் ஒன்று.

பிறகு, "ஸ்ரீதரன்" என்றாள்.

அவருக்குப் பொறி கலங்கியது. ஆசிரியரின் பேனை கொஞ்ச நேரம் நின்று, பிறகு வேகமாக ஓடியது.

"என்ன... என்ன சொன்னனி?"

கலாதேவி அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த அமெரிக்கச் சனத்துக்குக் கோவம் வந்தது சரி எண்டு சொன்னன் அப்பா. கடலுக்கு அங்கால இருந்துகொண்டு ஒருத்தன் எங்களுக்குச் சட்டம் போட்டால் கோவம் வரும்தானே. ஆனால் பதினாலு பக்கத்திலயும் பெரிய ஆக்களின்ர பேர்தான் கிடக்கு. துவக்கோட போன பெடியளின்ர வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கட அண்ணா போகேக்க சைக்கிளை மதிலோட சாத்திப்போட்டு, சாப்பாட்டை மூடி வையுங்கோ, வாறன் எண்டவர். அம்மா மூண்டு நாள் அந்தச் சாப்பாட்டுக் கோப்பையைத் திறக்கேல்லை. சரியோ பிழையோ எண்டு தீர்ப்புச் சொல்ல வேணுமெண்டால் வீட்டில இருந்தவையளையும் கேக்கவேணும். எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. அதைத்தான் சொன்னன்."

"உனக்கென்ன விசரே?" தம்பித்துரையின் குரல் கீச்சிட்டது. "ஒரு பிள்ளை எண்டு கையெழுத்து வைச்சிட்டு வந்திருக்கிறன். இதைக் கொண்டுபோய் அந்த அசூல் பைலோட வைச்சாங்கள் எண்டால் எங்கட கதை முடிஞ்சுது. இந்தத் தாள் எங்க போகும்? கேள்!"

கேட்டாள். ஆசிரியர் சுவரோரத்து இரும்பு அலுமாரியைக் காட்டினார். அதற்குள்தான் இருக்கும், பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒருவருக்கும் போகாது, சில வருடத்தில் அழித்துவிடுவார்கள். தம்பித்துரை அலுமாரியைப் பார்த்தார். தபால் கந்தோரிலும் ஒரு இரும்பு அலுமாரி இருந்தது. அதன் திறப்புக் கொத்தை ஆமிக்காரர் துவக்கு முனையில் அவரிடம் வாங்கினார்கள்.

"அண்ணாவின்ர வரியை வெட்டச் சொல்லு."

வெட்டலாம் என்றார் ஆசிரியர், மெதுவாக. ஆனால் அவளுடைய தீர்ப்புக்கு ஆதாரமே அந்த வரிதான், அதை எடுத்துவிட்டால் தாளில் புள்ளி போட ஒன்றும் மிஞ்சாது என்றார்.

"வெட்டச் சொல்லுறன் அப்பா" என்றாள் கலாதேவி. "ஐந்து எண்டாலும் பரவாயில்லை. அவர் கேட்ட உடன நான் சொல்லிப்போட்டன். எனக்கே தெரியாமல் வந்திட்டுது."

அவள் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

"கொண்டா பாப்பம்" என்று தாளைத் தன் பக்கம் இழுத்தார். எதை வெட்டச் சொல்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தானே வெட்டவேண்டும். சாய்ந்த கையெழுத்து. விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் போனார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது. ஸ்ரீதரன்.

இரண்டு வருடமாக அந்தப் பெயரை அவர் ஒரு கடதாசியிலும் கண்டதில்லை. ஊரிலிருந்து வருகிற புஷ்பமலரின் கடிதங்களிலும் அது இல்லை, அவளும் பயந்தவள்தான். இந்த நாட்டுப் பதிவுகளில் அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை. பிறக்காமல் செய்தது அவர்தான், சொந்தக் கையெழுத்தால். இப்போது யாரோ ஒரு வெள்ளைக்கார வாத்தியார், முகம் தெரியாத அந்தப் பிள்ளையின் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் வயதையும் போட்டிருந்தார். பதினெட்டு.

தம்பித்துரை அந்த இலக்கத்தை விரலால் தட்டினார்.

"இது பிழை" என்றார்.

"என்ன அப்பா?"

"பதினெட்டில்லை. போன செவ்வாய்க்கிழமையோட பத்தொன்பது."

கலாதேவி வாயைக் கையால் பொத்தினாள். "செவ்வாய்க்கிழமை... அந்தப் புக்கை..."

"அதைப் பேந்து கதைப்பம். முதல் அவருக்குச் சொல்லு. வயசு பிழையா எழுதிக் கிடக்கு எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். ஆசிரியர் பதினெட்டை வெட்டிப் பத்தொன்பது என்று எழுதினார். தம்பித்துரை அவர் கையிலிருந்து பேனையை வாங்கி, ஒருவரும் சொல்லாமலே அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டார். திருத்திய இடத்தில் ஒப்பம் இல்லாவிட்டால் அந்தக் கடதாசி செல்லாது, அது கந்தோர் ஒழுங்கு. பிறகு கீழே முழுப்பெயரையும் எழுதினார்.

தாளைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. விளிம்பைப் பிடித்தபடியே இருந்தார்.

"பிள்ளை, இதின்ர ஒரு போட்டோக்கொப்பி எங்களுக்குத் தருவாரோ எண்டு கேள்."

ஆசிரியர் தலையாட்டிவிட்டுத் தாளோடு வெளியே போனார். நடைபாதையில் எங்கேயோ இயந்திரம் இரையும் சத்தம் கேட்டது. கலாதேவி கண்ணைத் துடைத்தாள்.

"அம்மாவுக்கு அனுப்பவோ அப்பா?"

"விசரே? வழியில உடைச்சுப் பாப்பாங்கள்." அவர் கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எங்களிட்டை இருக்கட்டும். ஒரு கடதாசியிலயாவது அவன் இருக்கட்டும்."